பத்து நாள் பொறுத்துக்குங்க, அத்தை

பிப்ரவரி 11

அன்புள்ள அத்தைக்கு,

பத்திரமா வந்து சேர்ந்துட்டேன். உங்க முழங்கால் வலி எப்படி இருக்கு? வெந்நீர் ஒத்தடத்தை விட்டுடாதீங்க.

ஃபோன் வேண்டாம், எழுதிப் போடுன்னு நீங்க சொன்னபடியே எழுதறேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில உட்கார்ந்து பாதி ஆயுசு ஊரார் பேச்சையெல்லாம் இணைச்சுக் கொடுத்தவங்களுக்கு, இப்போ ஃபோனை எடுத்தா தகர டப்பாவுக்குள்ள வண்டு கத்தற மாதிரி இருக்குன்னா இந்த அநியாயத்தை யார்கிட்ட போய்ச் சொல்றது! மொபைல்ல மெசேஜ் அனுப்பினா எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னுட்டீங்க. அதனால தாளும் பேனாவும்தான். வாரத்துக்கு ஒரு தடவை சாமான் வண்டி மலையை விட்டு இறங்கும். தபால் அதுலதான் போகும்.

இங்கே மரம் மட்டை எதுவும் கிடையாது. ஒரே பாறை, காத்து. டெலஸ்கோப் இருக்கற கட்டடத்துக்கு உருண்டைக் கூரை, அது திறக்கும்போது நெஞ்சுக்குள்ள கடகடங்குது. எனக்கு ஒரு கட்டில், ஒரு ஹீட்டர், ஜன்னலுக்கு கறுப்புத் திரை. எல்லாரும் பகல்ல தூங்கறவங்க, அதனால சாப்பாட்டு அறையில சத்தமா பேசக்கூடாதாம். உங்களை இங்கே கூட்டிட்டு வந்தா மறுநாளே மூட்டை கட்டி அனுப்பிடுவாங்க. எங்க தலைவரை எல்லாரும் தாடிக்காரர்னுதான் சொல்றாங்க. அவரும் அதுக்குத்தான் திரும்பிப் பார்க்கறார்.

உங்க பிள்ளை ஞாயித்துக்கிழமை பேசினார். நல்லா இருக்கேன், நீ உன் வேலையைப் பாருன்னார். நான் தயங்கினப்போ என் பெட்டியை எடுத்து அவரே அடுக்கினார், பார்த்தீங்கல்ல? ஆறு மாசம்தான். காலையில வெறும் வயித்தோட ஆபீசுக்கு ஓடிடுவார், ஒரு முட்டையாவது சாப்பிட வையுங்க.

உங்க மருமகள்


பிப்ரவரி 26

வாயாடி மருமகளுக்கு அத்தை எழுதிக்கிறது.

உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். முழங்கால் அப்படியேதான் இருக்கு. அது என்னை விட்டுப் போகாது, நானும் அதை விடறதா இல்லை.

அவன் சௌக்கியம். முட்டை சாப்பிடறான். புதுசா ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு வரைபடம் போடறானாம், வீட்டுக்கும் சுருட்டிக் கொண்டு வந்து சாப்பாட்டு மேஜை மேல விரிச்சு வெச்சுக்கறான். குழம்புத் துளி பட்டா என்னை முறைக்கறான். நீ இல்லாததுல வீடு பெரிசாயிட்ட மாதிரி இருக்கு.

பக்கத்து வீட்டுக்காரி உன்னைப் பத்தி விசாரிச்சா. நட்சத்திரம் மினுக்குறதை நிறுத்தறதுக்குப் போயிருக்கான்னு சொன்னேன். 'ஏன், பாவம் அது அழகாத்தானே இருக்கு?'ன்னு கேட்டுட்டா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. எழுது.

குளிருக்குக் காதை மூடிக்கோ. காது போனா என்ன கதின்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அத்தை


மார்ச் 20

அன்புள்ள அத்தைக்கு,

நீங்க நல்லா இருக்கீங்கன்னு நம்பி ஆரம்பிக்கிறேன். எனக்கு லேசா ஜலதோஷம், மத்தபடி ஒண்ணுமில்லை.

பக்கத்து வீட்டு அக்காகிட்ட இப்படிச் சொல்லுங்க. நல்ல வெயில்ல தார் ரோட்டைப் பார்த்தா தூரத்துல வர்ற பஸ் நெளியுமில்லையா? பஸ் நெளியல, நடுவுல இருக்கற சூட்டுக் காத்துதான் நெளியுது. நட்சத்திரமும் அப்படித்தான். எவ்வளவு பெரிய டெலஸ்கோப் வெச்சாலும் மேல இருக்கற காத்து படத்தைக் கலைச்சு, புள்ளியா இருக்க வேண்டியதைப் பஞ்சு மாதிரி ஆக்கிடுது. அப்போ டெலஸ்கோப்பைக் காத்துக்கு மேல அனுப்பிடலாமேன்னு கேட்பீங்க. அனுப்பறாங்க. ஆனா இங்கே இருக்கற அளவுக்குப் பெரிய கண்ணாடியை மேல தூக்கிட்டுப் போக முடியாது. காத்தை மட்டும் சமாளிச்சுட்டா தரையில இருந்தே இன்னும் கூர்மையா பார்க்கலாம்.

அதுக்குத்தான் வளையற கண்ணாடி. விரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் தடிமன். பின்னாடி நூத்துக்கணக்குல குட்டிக் காந்தம். காத்து ஒளியை எப்படிக் கசக்குதுன்னு கருவி அளந்து சொல்லும், உடனே கண்ணாடி அதுக்கு எதிர்ப்பக்கமா தன்னைக் கசக்கிக்கும். ஒரு விநாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல. கண்ணுக்குத் தெரியாத வெப்ப ஒளியில இதை எப்பவோ செஞ்சுட்டாங்க. நம்ம கண் பார்க்கிற ஒளியிலதான் பிராணன் போகுது. அதுல அலை ரொம்பப் பொடி, மயிரிழை பிசகினாலும் படம் கெட்டுடும். அளந்து, கணக்குப் போட்டு, கண்ணாடி வளையறதுக்குள்ள காத்து வேற மாதிரி ஆயிடுது. அந்தத் தாமதத்தைக் குறைக்கிற புரோகிராம் எழுதறதுதான் என் வேலை. மூணு வாரமா எழுதி எழுதி அழிக்கிறேன்.

உங்க பிள்ளை ஃபோன்ல நிறைய சிரிக்கிறார். முன்னெல்லாம் இவ்வளவு சிரிக்க மாட்டார். பள்ளிக்கூட வரைபடம் முடிஞ்சுதா?

உங்க மருமகள்


ஏப்ரல் 29

அன்புள்ள மருமகளுக்கு,

பதில் தாமதமாயிடுச்சு. உடம்புக்கு ஒண்ணுமில்லை, கை ஓடல, அவ்வளவுதான். உன் ஜலதோஷம் விட்டுதா?

சமையலறைக் குழாய் ஒழுகிச்சு. ஆள் வந்து பார்த்தான், அவன் போனதும் இன்னும் ஜாஸ்தியா ஒழுகுது. மறுபடி வரச் சொல்லியிருக்கேன். மாடிப்படி பல்பு மாத்தியாச்சு. பக்கத்து வீட்டுக்காரிக்கு உன் தார் ரோடு உதாரணம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு, பார்க்கறவங்களுக்கெல்லாம் சொல்லிட்டுத் திரியறா.

அவன் தாடி வளர்க்கறான். பார்க்க நல்லாத்தான் இருக்கு. நல்லாத் தூங்கறான். மேஜை இப்போ காலியா இருக்கு, நானே அதுல உட்கார்ந்துதான் இதை எழுதறேன்.

நீ கவலைப்படாம வேலையைப் பாரு.

அத்தை


மே 15

அன்புள்ள அத்தைக்கு,

குழாய் சரியாச்சா? நீங்க சாப்பிடறீங்களா?

இங்கே ஒரு வேடிக்கை. புரோகிராம் ஒரு வழியா வேகமா ஓட ஆரம்பிச்சுது. ஆனா லேப்ல கண்ணாடியை வெச்சுப் பார்க்கறப்போ படத்துல ஒரு நடுக்கம், நிக்கவே மாட்டேங்குது. காத்து இப்படி ஒரே தாளத்துல ஆடாது. எல்லாரும் என் புரோகிராமைத்தான் சந்தேகப்பட்டாங்க, நானும்தான். கடைசியில பார்த்தா ரெண்டு மாடி கீழே தண்ணி குளிர வைக்கிற பம்பு! அது ஓடற அதிர்வு சுவர் வழியா ஏறி வந்து ஆட்டியிருக்கு. பம்புக்கு அடியில ரப்பர் வெச்சுட்டோம். தாடிக்காரர் எனக்குக் கை கொடுத்தார். ஜூலையில கண்ணாடியை டெலஸ்கோப்பில ஏத்திப் பார்க்கப் போறோம்.

இதை அவர்கிட்ட உடனே சொல்லணும்னு ஆபீசுக்கே ஃபோன் பண்ணினேன். எடுத்த பொண்ணு 'அவர் இங்கே இல்லையே'ன்னா. 'எங்கே போயிருக்கார்?'னு கேட்டேன். 'வீட்டுல கேளுங்க'ன்னு வெச்சுட்டா. அவர்கிட்ட கேட்டா, கட்டடம் கட்டற இடத்துக்குப் போயிருந்தேன்னு சிரிச்சார்.

அத்தை, அவர் தாடி வளர்க்கிற ஆள் இல்லை. ஒரு நாள் சவரம் பண்ணலைன்னாலே கன்னத்தைச் சொறிஞ்சுக்கிட்டே இருப்பார். என்கிட்ட எதையாவது சொல்லாம இருக்கீங்களா?

உங்க மருமகள்


ஜூன் 10

அத்தைக்கு,

நல்லா இருக்கீங்களா? மூணு சாமான் வண்டி வந்துட்டுப் போயிடுச்சு, உங்க கடிதம் இல்லை. வண்டி டிரைவர் தூரத்துல இருந்தே எனக்குக் கையை விரிச்சுக் காட்டறார்.

அவர் இப்போ ஃபோனும் எடுக்கறதில்லை. 'வேலையா இருக்கேன்'னு மெசேஜ் வருது. நேத்து, முந்தாநாள், அதுக்கு முன்னாடி எல்லாம் அதே ரெண்டு வார்த்தை.

ஒரு வரி போதும். நல்ல சேதியா இல்லாட்டியும் பரவாயில்லை.

உங்க மருமகள்


ஜூன் 24

அம்மாடி,

உனக்கு என்ன எழுதறதுன்னு தெரியாமத்தான் எழுதல. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என் தலையில கையை வெச்சு சத்தியம் வாங்கிட்டான். உன் கையெழுத்தைப் பார்த்துட்டு இனியும் என்னால பொய் எழுத முடியாது.

மார்ச் மாசமே வேலை போயிடுச்சு. அந்தப் பள்ளிக்கூடக் கட்டடத்தை நிறுத்திட்டாங்களாம். ஆபீஸ்ல பாதிப் பேரை அனுப்பிட்டாங்க. முதல் ரெண்டு வாரம் காலையில சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்புவான். ஆபீசுக்குன்னு நானும் நினைச்சேன். எங்கேயோ பூங்காவுல உட்கார்ந்துட்டு சாயங்காலம் வருவான். அப்புறம் அதையும் விட்டுட்டான். வேலை போனதுக்கு யாரும் இப்படி ஆகமாட்டாங்க, வேற வேலை தேடுடான்னேன். 'தேடறேம்மா'ன்னான். அதுக்கப்புறம் அறையை விட்டு வர்றதே இல்லை. குளிக்கிறதில்லை. ஒரு ரொட்டித் துண்டை வெச்சுட்டு வந்தா மறுநாள் அது அப்படியே காய்ஞ்சு கிடக்கு.

கதவைத் தட்டறேன். அவன் உள்ள இருந்து பதில் சொல்றானா, சும்மா இருக்கானான்னு எனக்கு எப்படித் தெரியும்? கதவு மேல கையை வெச்சுக்கிட்டு நிக்கறேன், ஏதாவது அதிர்வு தெரியுதான்னு. சில நாள் பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வந்து கேட்கச் சொல்றேன். 'வர்றேன்னு சொல்றாரு மாமி'ங்கறா. வர்றதில்லை.

உன்கிட்ட சிரிச்சுப் பேசறதுக்கு மட்டும் எங்கிருந்துதான் தெம்பு வந்துதோ. பேசி முடிச்சதும் அன்னிக்கெல்லாம் எழுந்திருக்கவே மாட்டான். இப்போ அதுவும் முடியல போல.

'எனக்காக அவ வேலையை விட்டுட்டு இறங்கி வந்தா நான் அவ முகத்துல முழிக்க முடியாது'ன்னு சொல்லியிருக்கான். அதனால நீ வராதே. நான் பார்த்துக்கறேன்.

அத்தை


ஜூலை 2

அன்புள்ள அத்தைக்கு,

உங்க கடிதத்தை வண்டிப் பக்கத்துலயே நின்னு படிச்சேன். அங்கேயே ஒரு பெட்டி மேல உட்கார்ந்துட்டேன். இத்தனை நாள் தனியா சுமந்திருக்கீங்களே அத்தை.

உடனே தாடிக்காரர்கிட்ட போனேன். முழுசும் கேட்டார். 'உன்னைப் போகாதேன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனா வர்ற வாரம் கண்ணாடி மேல ஏறுது. எங்கேயாவது பிசகினா இந்தப் புரோகிராமைத் திருத்த உன்னைத் தவிர ஆள் கிடையாது. டெலஸ்கோப் நமக்குக் கொடுத்திருக்கற நாள் போயிட்டா அப்புறம் அடுத்த வருஷம்தான்'னார்.

நேத்து ராத்திரி ஒரு வழியா உங்க பிள்ளை ஃபோனை எடுத்தார். எல்லாம் தெரியும்னு சொல்லிட்டேன். உங்களைக் கோவிச்சுக்கலை. அப்புறம், 'முடிச்சுட்டு வா. பாதியில வந்தேன்னா அதையும் நான்தான் சுமக்கணும்'னார். அது அவர் குரல் மாதிரியே இல்லை.

பத்து நாள் பொறுத்துக்குங்க, அத்தை. பத்தே நாள். முடிச்சுட்டு ஒரேயடியா வந்துடறேன். அவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகப் பாருங்க.

உங்க மருமகள்


ஜூலை 19

அம்மாடி,

நீ சுகமா இருக்கணும். உன் கண்ணாடிப் பரீட்சை எப்படிப் போச்சு? இங்கே மழை மூட்டமா இருக்கு. அங்கேயும் மேகம் இருந்தா உங்களுக்கு ஆகாதுன்னு நீ ஒரு தடவை சொன்னே.

இதை நீ வேற யார் மூலமாவது கேட்டா பயந்துடுவேன்னு நானே எழுதறேன். போன வாரம் செவ்வாய்க்கிழமை கதவு திறந்து கிடந்துது. அறையில அவன் இல்லை. நல்லதாப் போச்சு, வெளியே கிளம்பிட்டான்னு நினைச்சு ரொட்டி சுட்டு வெச்சேன். இருட்டிடுச்சு. வரல. செருப்பு வாசல்லயே இருக்கு, அப்போதான் கவனிச்சேன்.

ஃபோனை எடுத்து யார்கிட்ட என்னன்னு கேட்கறது? அவங்க பேசறது எனக்குக் கேட்காதே. பக்கத்து வீட்டுக்காரி அவ தங்கை வீட்டுக்குப் போயிருந்தா. ஒரு தாள்ல 'என் பையனைக் காணோம், எனக்குக் காது கேட்காது, எழுதிக் காட்டுங்க'ன்னு எழுதிக்கிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தேன். அந்தப் பையன்கள் நல்லவங்க. நாற்காலி போட்டாங்க. வயசு, உயரம், என்ன சட்டைன்னு எழுதிக் கேட்டாங்க. என்ன சட்டைன்னு எனக்குத் தெரியல. எத்தனை நாளா நான் அவனைச் சரியா பார்க்கவே இல்லைன்னு அப்போதான் உறைச்சுது.

மறுநாள் சாயங்காலம் பஸ் டிப்போவுல கண்டுபிடிச்சாங்க. பெஞ்சில உட்கார்ந்திருந்தானாம். எந்த பஸ்ஸும் ஏறல. காலெல்லாம் சேறு. 'எங்கடா போகணும்னு வந்தே?'ன்னு கேட்டேன். என்னைப் பார்த்து வாயை அசைச்சான், புரியல. போலீஸ்காரப் பையன் தாள்ல எழுதிக் காட்டினான். 'தெரியலங்கறார்'னு.

பக்கத்து வீட்டுக்காரி திரும்பி வந்ததும் உனக்கு ஃபோன் பண்ணவான்னு துடிச்சா. நான்தான் வேண்டாம்னுட்டேன். பத்து நாள்னு சொல்லியிருந்தியே.

இப்போ தூங்கறான். அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் வெச்சுக் காலைக் கழுவிவிட்டேன், சின்னப் பிள்ளையில செஞ்ச மாதிரி. காலை நீட்டிக்கிட்டு சும்மா இருந்தான்.

அத்தை


ஆகஸ்ட் 9

அன்புள்ள அத்தைக்கு,

ஒரே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு, எதிர்ல வெங்காயம் உரிக்கிற ஆளுக்குக் கடிதம் எழுதறேன்னு சிரிக்காதீங்க. உங்ககிட்ட பேசணும்னா கத்தணும். கத்தினா அவருக்குக் கேட்கும். நேத்து 'டாக்டர் என்ன சொன்னார்?'னு நீங்க கேட்டு நான் உரக்கப் பதில் சொல்ல ஆரம்பிச்சேன் பாருங்க, அறையில கட்டில் கிறீச்சிட்டுது. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அதனால எழுதறேன்.

நான் வந்து ரெண்டு வாரம் ஆகப்போகுது. நீங்க ஒரு வார்த்தை கேட்கல. நானே சொல்லிடறேன். அந்தப் பத்து நாளும் மேகம். கூரையைத் திறக்கவே இல்லை. 'இன்னிக்குக் கலையும், நாளைக்குக் கலையும்'னு எல்லாரும் வாசல்ல நின்னு அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருந்தோம். அந்த நாள்ல ஒண்ணுலதான் அவர் செருப்பில்லாம நடந்து போயிருக்கார். நாங்க சும்மா டீ குடிச்சுக்கிட்டிருந்தோம் அத்தை. பத்து நாள் முடிஞ்சதும், மேகத்துல வீணானதுக்கு ஈடா டெலஸ்கோப்பை இன்னும் மூணு வாரம் விட்டுக் கொடுத்தாங்க, நானும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு இருந்தேன். உங்க கடிதம் வந்த வண்டியிலயேதான் இறங்கினேன்.

நேத்து தாடிக்காரர் படம் அனுப்பியிருக்கார். நான் இறங்கி வந்த நாலாம் நாள் மேகம் கலைஞ்சுடுச்சாம். கண்ணாடி ஏறிச்சு, புரோகிராம் ஒரு பிசகும் இல்லாம ஓடிச்சு. என்னைத் தவிர ஆள் கிடையாதுன்னாங்க, ஆளே தேவைப்படல. இத்தனை வருஷமா ஒரு மங்கல் புள்ளியாத் தெரிஞ்ச நட்சத்திரம் அதுல ரெண்டா பிரிஞ்சு நிக்குது, நடுவுல கறுப்பு இடைவெளி துல்லியமா. எல்லாரும் கத்தினாங்களாம். எனக்குச் சந்தோஷம் வரும்னு காத்துக்கிட்டிருந்தேன், வரல.

அவர்கிட்ட காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். 'நல்லா இருக்கு. நீ அங்கே இருந்திருக்கணும்'னார். அவ்வளவுதான்.

டாக்டர் என்ன சொன்னார்னா, இது ஒரு நோய், சோம்பேறித்தனம் இல்லை, மருந்து இருக்கு, நாளாகும், ஆனா நேர்ல பார்க்காம எதுவும் தரமாட்டேன்னார். அவரை எப்படிக் கூட்டிட்டுப் போறது? கெஞ்சிப் பார்த்துட்டேன். கோவப்பட்டும் பார்த்துட்டேன், அப்புறம் குளியலறையில போய் அழுதேன். பக்கத்துலதான் படுத்திருக்கேன், கையைப் பிடிச்சா விடறதில்லை, ஆனா அந்தக் கையில ஆளே இல்லாத மாதிரி இருக்கு. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல அத்தை. உங்களுக்குத் தெரிஞ்சா எழுதுங்க.

உங்க மருமகள்


ஆகஸ்ட் 9, உன் தாளுக்குப் பின்பக்கம்

அம்மாடி,

எனக்கும் தெரியல. தெரிஞ்சிருந்தா மார்ச் மாசமே செஞ்சிருக்க மாட்டேனா?

பத்து நாளைப் பத்தி இனிமே பேசாதே. நீ முதல் நாளே வந்திருந்தாலும் அவன் நடந்து போயிருப்பான். போயிருக்க மாட்டான்னும் சொல்ல முடியாது. அதை வெச்சுக்கிட்டு ரெண்டு பேரும் ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து என்ன பண்ணப்போறோம்?

திரும்பி மலைக்குப் போகணும்னா போ. நான் தப்பா நினைக்க மாட்டேன். ஆனா உண்மையைச் சொல்லணும்னா, நீ வந்ததுல இருந்து கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு உன் முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியுது. நீ போயிட்டா அதுவும் தெரியாது.

நீ குளிக்கப் போயிருக்கே. இந்த இடம் எழுதும்போது அவன் தண்ணி குடிக்க வந்தான். நிமிர்ந்து பார்த்தா எதிர்ல நிக்கறான். தாளை மறைக்கலாமான்னு நினைச்சேன், கை வரல. ரெண்டு பக்கத்தையும் நின்னபடியே படிச்சான். கோவப்படுவான்னு பார்த்தேன், பேனாவுக்குக் கையை நீட்டறான். இதோ கொடுக்கறேன்.

(கீழே, வேறு கையெழுத்தில்)

அம்மாவுக்கும் உனக்கும்,

எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்கே தெரியல. தெரிஞ்சா சொல்லியிருப்பேன். உங்க ரெண்டு பேர் மேலயும் எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லை.

டாக்டர்கிட்ட நாளைக்கு வரேன். காலையில எழுந்திருக்க முடியலைன்னா திட்டாதீங்க. மறுநாள் மறுபடியும் கேளுங்க.